ஊரார் சொல்லும் கணக்கு

ஒரு திருச்சபை வெற்றியுடன் நடைபெறுகிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது? இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுவே. இது கிறிஸ்தவர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய வீட்டு விவகாரம் போலத் தோன்றலாம். அஃது அவ்வாறன்று என்பது என் எண்ணம். ஓர் ஊரின் நடுவே ஆலயம் ஒன்று எழுமானால், அதன் மணியோசை உறுப்பினர் செவியோடு நின்றுவிடுவதில்லை. அதனால் விளையும் நன்மையும் தொல்லையும் அக்கம்பக்கத்தார் அனைவரையும் எட்டுகின்றன. ஆகவே அது நன்றாக நடைபெறுகிறதா என்று கேட்கும் உரிமை ஊரார் யாவருக்கும் உண்டு. நானும் ஒரு சபையின் உறுப்பினன் என்ற முறையில், அந்த உரிமையை மனமுவந்து ஏற்பதே சபைக்கு அழகு என்று கருதுகிறேன்.

கொள்கையளவில் பேசுவதைவிட ஓர் ஊரைக் கண்முன் நிறுத்திக்கொண்டு பேசுவது தெளிவு தரும். கொட்டிவாக்கத்தை எடுத்துக்கொள்வோம். திருவான்மியூருக்குத் தெற்கே, பாலவாக்கத்துக்கு வடக்கே, வங்கக் கடலை ஒட்டி அமைந்த ஊர் அது. நெடுங்காலம் தனி ஊராட்சியாக இருந்து, 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கடற்கரையில் மீனவர் குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரு மருங்கிலும் மாடி வீடுகளும் கடைகளும் அடுக்ககங்களும். அவ்வீடுகளில் பாத்திரம் துலக்கவும் வாயிற்காவல் செய்யவும் வருகின்ற எளிய மக்கள். வேலையை முன்னிட்டு வந்து வாடகைக்குக் குடியிருக்கும் இளைஞர்கள். இவர்கள் யாவரும் ஓர் ஊரார்; எனினும் ஒருவரையொருவர் அறிந்தவர் சிலரே. இத்தகைய ஊரில் ஒரு சபை கூடுகிறது என்றால், அதன் வெற்றியை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது?

வழக்கமான அளவுகோல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆண்டு இறுதியில் சபைச் சங்கம் கூடும். செயலாளர் அறிக்கை வாசிப்பார். ஞானஸ்நானம் பெற்றோர் இத்தனை பேர், திடப்படுத்தல் பெற்றோர் இத்தனை பேர், திருமணங்கள் இத்தனை, அடக்கங்கள் இத்தனை. காணிக்கை சென்ற ஆண்டைவிட இவ்வளவு கூடுதல். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த தொகை இவ்வளவு. மாடி கட்டும் பணி இந்த அளவில் நிற்கிறது. கணக்கைக் கேட்டோர் மகிழ்ந்து ஜெபித்துக் கலைவர். இந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை. கணக்கு எழுதாத சபையைவிடக் கணக்கு எழுதும் சபை மேலானதே. ஆனால் இந்த எண்கள் யாவும் ஆலயச் சுவருக்கு உள்ளே எண்ணப்பட்டவை. சுவருக்கு வெளியே, இருநூறு அடி தொலைவில், ஒரு மீனவக் குடும்பம் வட்டிக்கடனில் மூழ்கியிருந்தாலும் அந்த அறிக்கையில் ஓர் இலக்கமும் மாறாது.

எண்ணிக்கையே முதன்மையானது என்று வாதிட்டவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தை நேர்மையுடன் கேட்க வேண்டும். டொனால்டு மெக்காவ்ரன் என்பவர் 1897-இல் நம் நாட்டிலேயே, மத்திய மாகாணத்துத் தமோ நகரில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அம்மாகாணத்திலேயே பல ஆண்டுகள் தொண்டு புரிந்தார். பள்ளியும் மருத்துவமனையும் நடத்திக்கொண்டு, மக்கள் சபையில் சேருகிறார்களா இல்லையா என்பதை எண்ணிப் பாராமல் காலம் கழிப்பது கடமை தவறுதல் என்பது அவர் கருத்து. 1955-இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. சபை வளர்ச்சி என்பதே ஒரு தனித் துறையாகக் கிளைத்தது. அவர் வாதத்தில் ஓர் உண்மை உண்டு. ஆளில்லாத சபை யாருக்கும் தொண்டு செய்ய இயலாது. வற்றிய கிணறு ஊருக்கு நீர் தராது.

இதற்கு மறுமொழி சொன்னவர் நம் சென்னைக்கு நன்கு அறிமுகமானவர். லெஸ்லி நியூபிகின் 1936-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக இந்தியா வந்து, காஞ்சிபுரத்தில் பணியாற்றித் தமிழைக் கற்றார். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் முதல் பேராயர்களுள் ஒருவரானார். மதுரை இராமநாதபுரம் பேராயராக விளங்கினார். பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். 1978-இல் வெளியான தம் நூலில் அவர் மெக்காவ்ரன் வழியினரின் கருத்தை ஆராய்கிறார். சபையின் எண்ணிக்கை பெருகுவதே முதற்கவலை என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் ஆதாரம் காணோம் என்பது அவர் முடிவு. எண்ணிக்கையையே தீர்ப்புக்கல்லாக வைத்துக்கொண்டால் சபை எளிதில் ஒரு படையெடுப்பாகவோ வணிக நிறுவனமாகவோ மாறிவிடும் என்று அவர் எச்சரித்தார். ஓர் ஊரில் நற்செய்தியின் பொருள் என்ன என்பதை விளக்கிக் காட்டும் உரை அவ்வூரில் வாழும் சபையே என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். உரை தெளிவாக இருக்கிறதா என்பதைச் சொல்ல வேண்டியவர் அதை எழுதியவர் அல்லர், அதைப் படிக்கிறவரே. சபையின் வாழ்வைப் படிக்கிறவர் ஊரார்.

நம் தமிழ்நாட்டு வரலாறு இதற்குத் தரும் சான்றுகள் பல. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு 1719-இல் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார். அவர் சேர்த்த சபை சில நூறு பேருக்குள் அடங்கும். செயலாளர் அறிக்கையின் கண் கொண்டு பார்த்தால் அது சிறிய வெற்றிதான். ஆனால் அவர் வந்த மறு ஆண்டே, 1707-இல், அங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தோன்றியது. அச்சகம் எழுந்தது, தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது, காகிதம் செய்யவும் அருகிலேயே ஏற்பாடாயிற்று. ஓலையில் இருந்த கல்வி தாளுக்கு மாறிய நெடும்பயணத்தில் தரங்கம்பாடி ஒரு முக்கியமான படி. அச்சிட்ட தமிழ் நூலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும், அவர் எச்சமயத்தவராயினும், அச்சிறு சபைக்கு ஓரளவு கடன்பட்டவரே. இந்தப் பயனை 1719-ஆம் ஆண்டின் அறிக்கையில் யாரால் எழுதியிருக்க முடியும்?

ஆகவே முதற்பாடம் ஒன்று கிடைக்கிறது. சபையின் பயன் உடனே கணக்கில் ஏறுவதில்லை. அது சென்று சேரும் இடமும் சபையின் எல்லைக்குள் நிற்பதில்லை.

இரண்டாம் சான்று வேலூர். ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம் பெண்ணாக அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்குப் பெற்றோரைக் காண வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, அவ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆயினும் ஆடவர் ஒருவர் வந்து பார்ப்பதை அம்மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே ஐடாவை மருத்துவம் கற்கச் செய்தது. படித்துத் திரும்பிய அவர் 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1960-இல் அவர் மறைந்தபோது அது ஒரு பெரும் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. நான் சுட்ட விரும்புவது அதில் உள்ள ஒரு நுட்பத்தை. கதவைத் தட்டிய மூவரும் சபையார் அல்லர். அவர்கள் ஞானோபதேசம் கேட்க வரவில்லை. தமக்கு வேண்டியதைத் தம் வாயால் சொன்னார்கள். அதைத் தரச் சபையிடம் ஆள் இல்லை. தன்னிடம் உள்ளதை ஊருக்குக் கொடுப்பது எளிது. ஊருக்கு வேண்டியது தன்னிடம் இல்லை என்று கண்டு, அதை உண்டாக்கப் பல ஆண்டுகள் உழைப்பது அரிது. வேலூரின் பெருமை இரண்டாவதில்தான் இருக்கிறது.

அதே வேலூரில் மற்றொரு பாடமும் கிடைத்தது. கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாகப் பிறந்த பால் பிராண்டு 1946-இல் வேலூருக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப் பயனற்றுப்போன கைகளைத் தசைநாண்களை மாற்றிப் பொருத்திச் சீராக்கும் முறையை அங்கே வளர்த்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. மருத்துவ அறிக்கைப்படி அது முழு வெற்றி. ஆனால் குணமடைந்து ஊர் திரும்பியவர் சிலர் வருத்தத்துடன் மீண்டும் வந்தனர். கை நன்றாகிவிட்டதால் பிச்சை இடுவார் குறைந்துவிட்டனர். பழைய நோயாளி என்பதால் வேலை தருவாரும் இல்லை. நல்ல கை அவர்களுக்குப் பட்டினியைத் தந்தது! பிராண்டு இதைக் கேட்டு, நோயாளிகளின் நன்றியின்மை என்று ஒதுக்கவில்லை. தச்சும் பிற கைத்தொழில்களும் கற்பிக்கும் புதுவாழ்வு நிலையம் ஒன்று மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தோன்றியது. சீராக்கிய கைகளை எண்ணியதோடு நிற்காமல், அக்கைகள் சோறு ஈட்டுகின்றனவா என்று அவர்கள் கேட்டனர்.

நாம் செய்தது எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அதனால் மற்றவர் வாழ்வில் மாறியது என்ன என்பது வேறொரு கணக்கு. முதற்கணக்கு நம் கையில் இருக்கிறது. இரண்டாவதை அறிய அவர்கள் வீட்டு வாயிலுக்குச் செல்ல வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கொட்டிவாக்கம் போன்ற கடலோர ஊர்கள் கண்கூடாகக் கண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். சென்னைக் கடற்கரைக் குப்பங்களும் உயிரையும் படகையும் வலையையும் இழந்தன. கோயில்களும் மசூதிகளும் ஆலயங்களும் பள்ளிகளும் கதவு திறந்தன. வேற்றுமை பாராமல் சோறிட்டன. அந்த நாட்களை நினைத்தால் எச்சமயத்தவரும் பெருமை கொள்ளலாம்.

அதன் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். உதவி நிறுவனங்கள் உலகெங்கிலுமிருந்து வந்தன; அவற்றுள் சபைகளின் அமைப்புகளும் இருந்தன. படகு வழங்குவது எளிதில் எண்ணத்தக்க உதவி; புகைப்படத்துக்கும் ஏற்றது. விளைவு யாது? தமிழகக் கடற்கரையில், இழந்த படகுகளைவிட அதிகமான கண்ணாடியிழைப் படகுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் சில தரமற்றவை. முன்பு பிறர் படகில் கூலிக்குச் சென்றவர் பலர் படகுக்கு உரியவராயினர். கடலுக்கு இறங்க ஆள் போதவில்லை. மீன்வளமோ பெருகவில்லை, படகுகளே பெருகின. கொடுத்தவரின் அறிக்கையில் அது வெற்றி. மீனவர் வீட்டு அடுப்பில் அதன் பயன் எவ்வளவு என்பதை அவ்வீட்டாரைக் கேட்டே அறிந்திருக்க வேண்டும், கேட்டவர் சிலரே.

இதனால் உதவி செய்ய வேண்டாம் என்பது பொருளன்று. கொடுக்கும் கையின் மகிழ்ச்சியைப் பெறுகிறவரின் நலம் என்று மயங்கலாகாது என்பதே பொருள்.

இனி, ஊரின்மீது சபை விளைக்கும் பயன் எப்போதும் நன்மையாகவே இருக்கும் என்று கொள்வதற்கும் இல்லை. தீமையையும் கணக்கில் எழுத வேண்டும். சென்னையிலேயே ஒரு வழக்கு எழுந்து, உச்சநீதிமன்றம் வரை சென்று, 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பானது. ஒரு சபையின் ஒலிபெருக்கியும் இசைக்கருவிகளும் தம் அமைதியைக் கெடுக்கின்றன என்று பக்கத்துக் குடியிருப்பின் நலச் சங்கத்தார் முறையிட்டனர். வழிபாட்டு உரிமையைச் சபையார் எடுத்துரைத்தனர். பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது உச்சநீதிமன்றத்தின் முடிவு. அத்தீர்ப்பு எல்லாச் சமயத்தார்க்கும் பொருந்தும். ஆனால் அதைக் கேட்க வேண்டிய நிலை எங்கள் சபையொன்றினால் வந்ததே என்பதை நாங்கள் மறத்தல் கூடாது. ஒரு தெருவில் ஞாயிறு காலை வண்டிகள் இரு பக்கமும் நிறுத்தப்பட்டு, நோயாளியை ஏற்றிச் செல்ல ஆட்டோவும் நுழைய இயலாமற்போகுமானால், அத்தெருவார் சபையைப்பற்றி அறிந்த முதற்செய்தி அதுவே. உள்ளே நிகழ்த்தப்படும் பிரசங்கம் அன்பைப்பற்றியதாக இருந்தாலும், அவர்கள் கேட்டது வண்டியின் ஒலிப்பானை மட்டுமே.

இதனினும் ஆழமான சோதனை ஒன்று உண்டு. அது சாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில், தாழ்த்தப்பட்ட குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நெடும்போராட்டம் நிகழ்ந்தது. சபையைச் சார்ந்த பெண்களே அதில் முன்னின்றனர். மிஷனரிகள் அவர்கள் பக்கம் நின்றனர். 1859-இல் திருவிதாங்கூர் அரசர், மேற்குலப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற கட்டுடனேயாயினும், அவ்வுரிமையை வழங்கிப் பிரகடனம் செய்தார். ஒரு சபை எழுப்பிய தன்மான உணர்வு நாட்டின் சட்டத்தையே அசைத்தது. சபை ஊரின்மீது விளைத்த பயனுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு மடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆலயத்தை விட்டு விலகினாரும் உண்டு. இருநூறு ஆண்டுகள் அணுகிவரும் இந்நாளிலும், ஒரே கிறிஸ்துவை வணங்குவோர்க்கு வெவ்வேறு கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அத்தகைய சபை பத்துப் பள்ளிகள் நடத்தினாலும், ஊருக்கு அது கற்பிக்கும் பாடம் அந்தக் கல்லறைச் சுவரே. ஊருக்குச் செய்யும் தொண்டைச் சபைக்குள் நிலவும் உறவிலிருந்து பிரித்து எண்ண முடியாது. ஊரார் இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றனர்.

இங்கே இரண்டு தடைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, சேவையைத் தூண்டிலாகக் கொள்ளும் குற்றம். சோறும் மருந்தும் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற குறை நம் நாட்டில் அடிக்கடி கேட்கப்படுவது. அக்குறைக்கு நேர்மையான மறுமொழி ஒன்றே உண்டு. ஒருநாளும் சபையில் சேராதவர், சேர விரும்பாதவர், சேர மறுத்தவர் ஆகியோர் பெற்ற நன்மையையே கணக்கின் முதல் வரியில் எழுத வேண்டும். 1867-இல் வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு, வருகிறவர் யார் என்று கேளாமல் இன்றளவும் பசியாற்றி வருகிறது. மயிலாப்பூரில் 1905 முதல் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் ஏழைப் பிள்ளைகளுக்கு உறைவிடமும் கல்வியும் அளித்து வருகிறது. அயலார் செய்யும் நன்மையைக் கண்டு கற்றுக்கொள்ளச் சபைக்கு வெட்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது தடை இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. ஊர் நலமே அளவுகோல் என்றால் வழிபாடு எதற்கு? மாநகராட்சியும் நலச் சங்கமும் போதாவோ என்று கேட்பர். சபை மாநகராட்சியின் கிளை அலுவலகம் அன்று. ஜெபமும் வேதவாசிப்பும் திருவிருந்தும் அதன் உயிர். ஒருவன் மனச்சான்றுடன் மன்றாடும் ஒரு நாழிகையை எந்த அளவுகோலும் அளக்காது, அளக்கவும் வேண்டாம். வேர் மண்ணுக்குள் மறைந்திருப்பதே இயல்பு. ஆனால் மரம் காய்க்கிறதா என்பது மறைவன்று. கனியினாலே மரத்தை அறியலாம் என்ற உண்மையைச் சபைக்குச் சொன்னவர் சபையின் தலைவரேயாவார்.

அளப்பது எப்படி என்பதற்கும் நம் நாட்டிலேயே வழிகாட்டி இருக்கிறது. வேலூரில் கற்ற ரஜனிகாந்த் ஆரோளேயும் அவர் துணைவியார் மேபலும் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடு வட்டாரத்தில் கிராம நலப் பணியைத் தொடங்கினர். கிறிஸ்தவப் பற்றே அவர்களை அங்கே அழைத்துச் சென்றது. வறட்சி மிகுந்த அந்தக் கிராமங்களில், எழுத்தறியாத பெண்களையே நலப் பணியாளராகப் பயிற்றினர். அவர்களுள் பலர் ஒடுக்கப்பட்ட குலத்தவர். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பது அவர்களுடைய தலைமைக் கணக்கன்று. இவ்வாண்டு எத்தனை குழந்தைகள் இறந்தன, சென்ற ஆண்டு எத்தனை, எந்த வீட்டில், ஏன் என்று அப்பெண்களே கிராமந்தோறும் கணக்கெடுத்தனர். குழந்தைச் சாவு பெரிதும் குறைந்தது. 1979-இல் மகசேசே விருது அத்தம்பதியரைத் தேடி வந்தது. கணக்கெடுத்தவர் வெளியூர் அதிகாரி அல்லர். அந்த ஊரின் தாய்மாரே. அதனால்தான் கணக்கும் மெய்யாயிற்று, மாற்றமும் நிலைத்தது.

இவற்றையெல்லாம் தொகுத்துக் கொட்டிவாக்கம் போன்ற ஊரில் உள்ள ஒரு சபை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத் தக்க கேள்விகளைச் சொல்லுகிறேன். அவை ஐந்து.

முதலாவது: ஆலயத்தைச் சுற்றி ஒரு கல் தொலைவில் வாழ்வோரின் இன்றைய பெருந்துன்பம் எது என்று நமக்குத் தெரியுமா? தெரியும் என்றால், அதை யார் சொல்லி அறிந்தோம்? நாமே கற்பித்துக்கொண்டதா, அவர்கள் சொன்னதா?

இரண்டாவது: நாம் தொடங்கிய ஒரு பணியால் யாருடைய வாழ்வு மாறியது? மாலைப் பள்ளி நடத்துகிறோம் என்றால், அங்கே வந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்களா? சீட்டும் கந்துவட்டியும் நெருக்கும் குப்பத்தில் கடனுதவி அளிக்கிறோம் என்றால், ஐந்தாண்டில் எத்தனை வீடுகள் கடனிலிருந்து மீண்டன?

மூன்றாவது: சபையில் சேராதவர் நம்மிடம் பெற்றது என்ன? நம் வீட்டுச் சுவர்களுக்கு இடையே உள்ள கிணற்றுக்கும் ஊருணிக்கும் வேறுபாடு உண்டு. நாம் எது?

நான்காவது: நம்மால் ஊருக்கு நேர்ந்த தொல்லை எது? ஒலி, வண்டி நெருக்கடி, வீண் விரோதம், புறங்கூறல் ஆகியவற்றுள் எதைக் குறைத்தோம்?

ஐந்தாவது: அடுக்ககத்தில் வாழும் அம்மையாரும், அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழந்தாளிடுகிறார்களா? ஆராதனை முடிந்த பின் அவ்விருவரும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள்? ஊர் ஏற்றத்தாழ்வை மாற்ற விரும்பும் சபைக்கு இதுவே தொடக்கப் பள்ளி.

இக்கேள்விகளுக்கு விடை எண்களில் மட்டும் கிடைக்காது. ஓராண்டில் கிடைக்காதவையும் உண்டு. தரங்கம்பாடியின் பயன் தெரிய ஒரு நூற்றாண்டு சென்றது. ஆகவே சிறு சபைகள் சோர்வுற வேண்டியதில்லை. முப்பது பேர் கூடும் சபை ஒன்று, தெருவிலுள்ள முதியோர் நால்வரைத் தவறாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வருமானால், மூவாயிரம் பேர் கூடிக் கலைகின்ற சபையைவிட அத்தெருவுக்கு அது பெரிய சபையே. அதுபோலவே, பெருஞ்சபை பெரிதாக இருப்பது குற்றமும் அன்று. மூவாயிரம் பேரின் கைகள் ஊர்ப்பக்கம் நீளுமானால் அதனால் ஆகாதது என்ன இருக்கிறது?

சபைச் சங்கங்களுக்கு ஒரு யோசனையைக் கூறி என் உரையை முடிக்கிறேன். ஆண்டறிக்கையில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். அதைச் செயலாளர் எழுத வேண்டாம். போதகரும் எழுத வேண்டாம். குப்பத்தில் மீன் விற்கும் தாய் ஒருவரிடமும், எதிர் வீட்டு இந்துக் குடும்பத்தாரிடமும், தெருமுனைக் கடை வைத்திருக்கும் இசுலாமிய அன்பரிடமும் சென்று, இந்த ஆலயம் இங்கே இருப்பதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் அந்தப் பக்கத்தில் எழுதி, காணிக்கைக் கணக்கை வாசிப்பதற்கு முன்பாகச் சபையார் முன்னிலையில் வாசியுங்கள். அவர்கள் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால், அந்தப் பக்கத்தை வெறுமையாகவே அச்சிட்டுக் கொடுங்கள். அடுத்த ஆண்டின் வேலை எது என்பதை அந்த வெற்றுப் பக்கமே சபைக்குச் சொல்லும்.